பனிக்கரடியின் உடலும் படைப்பைப் பற்றிய கேள்வியும்

பனிக்கரடி வட துருவத்தைச் சூழ்ந்த கடற்பனியின் மேல் வாழும் முலையூட்டி. அதன் உள்ளுடல் வெப்பநிலை மனிதருடையதைப் போலவே ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். குளிர்காலத்தில் அது நடமாடும் வெளியோ பூச்சியத்துக்குக் கீழே 30, 40 பாகைவரை குளிரும். எழுபது பாகையளவான இந்த வேறுபாட்டின் நடுவில் அது இரை தேடுகிறது, நீந்துகிறது, குட்டி ஈன்று வளர்க்கிறது. உரோமம் முதல் பாதம் வரை அந்த உடலின் ஒவ்வொரு பகுதியும் அந்த இடத்துக்கென்றே அமைந்ததாகத் தோன்றுகிறது. இதனால் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலம் ஆராய்ந்துவந்த ஒரு கேள்வியைப் பனிக்கரடியின் உடல் கூர்மையாக எழுப்புகிறது. உடலுக்கும் அது வாழும் உலகுக்கும் இடையிலான பொருத்தம் எங்கிருந்து வருகிறது? பேரறிவு ஒன்று திட்டமிட்டுத் தந்ததா, வினையின் பயனா, அல்லது யாரும் நோக்காமலே நிகழ்ந்த காரண காரியத் தொடரா?

கொழும்பின் வட எல்லையில், களனி ஆறு கடலோடு சேரும் இடத்தில் உள்ள மட்டக்குளி, பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகை தொலைவிலேயே இருக்கிறது. பனி பெய்தறியாத ஊர். ஆயினும் இக்கேள்வியை ஆராய ஏற்ற ஊர். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், பௌத்தர் என நான்கு மரபினரும் இங்கு அயலவராக வாழ்கின்றனர். கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் விகாரையும் நடந்து சென்றடையும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே கேள்விக்கு இந்த நான்கு மரபுகளும் தரும் விடைகள் வேறுபடும் இடங்களும் ஒன்றுபடும் இடமும் உண்டு. அவற்றைப் பார்ப்பதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும்.

குளிரைத் தாங்கும் உடல்

முதல் அரண் உரோமம். பனிக்கரடியின் உரோமம் இரண்டு அடுக்குகளால் ஆனது. தோலை ஒட்டி அடர்ந்த மென்மயிர் இருக்கிறது. அதன் மேல் நீண்ட காவல் மயிர்கள் படிந்திருக்கின்றன. இவற்றுக்கிடையில் சிறைப்படும் காற்றே உண்மையான வெப்பக் காவலி. காவல் மயிர்களில் நிறப்பொருள் இல்லை. அவற்றின் நடுப்பகுதி வெற்றிடமாக இருக்கிறது. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதாலேயே கரடி வெள்ளையாகத் தெரிகிறது. உரோமத்தின் கீழுள்ள தோல் கறுப்பு. வெப்பக் கமெராவில் பார்த்தால் முகத்தையும் மூச்சையும் தவிர உடலின் பெரும்பகுதி சூழலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி மங்கித் தோன்றும். அவ்வளவு குறைவாகவே வெப்பம் வெளியேறுகிறது.

2025இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த மயிரில் பூசியிருக்கும் எண்ணெய்யின் பங்கையும் காட்டியது. அந்த எண்ணெய்யின் சேர்மானம், நீரிலிருந்து எழும் கரடியின் மயிரில் பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கிறது. மனிதத் தோலின் எண்ணெய்யில் மிகுதியாகக் காணப்படும் ஸ்குவாலீன் என்னும் பொருள் கரடியின் எண்ணெய்யில் ஏறத்தாழ இல்லை என்பது இதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது அரண் கொழுப்பு. நன்கு உண்ட கரடியின் தோலுக்கடியில் 10 சென்ரிமீற்றர் அளவுக்குக் கொழுப்புப் படலம் இருக்கும். நிலத்தில் உரோமம் காக்கிறது. நீரில் நனைந்த உரோமம் தன் காவலை இழக்கும்போது கொழுப்பு காக்கிறது. உணவு கிடைக்காத மாதங்களில் அதுவே எரிபொருள். கருவுற்ற பெண்கரடி பனிக்குள் குழி தோண்டி உறையும் காலத்தில் எதுவும் உண்பதில்லை. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதியில் அது எட்டு மாதங்கள் வரை சேமித்த கொழுப்பிலேயே உயிர்தரிக்கிறது.

மூன்றாவது, உடலின் பருமனும் வடிவும். வளர்ந்த ஆண்கரடி 350 முதல் 700 கிலோகிராம் வரை இருக்கும். ஓர் உடல் பெரிதாகும்போது அதன் கனவளவு, மேற்பரப்பைவிட வேகமாகக் கூடுகிறது. வெப்பம் உண்டாவது கனவளவில், வெளியேறுவது மேற்பரப்பில். ஆகவே பெரிய உடல் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் குறைந்த வெப்பத்தையே இழக்கிறது. நெருங்கிய இனங்களுள் குளிர்நாட்டில் வாழ்பவை பெரியவையாக இருக்கும் போக்கை 1847இல் ஜெர்மானிய உயிரியலாளர் கார்ல் பேர்க்மன் விளக்கினார். குளிர்நாட்டு விலங்குகளின் காது, வால் போன்ற உறுப்புகள் சிறுத்திருக்கும் என்பதை 1877இல் அமெரிக்கரான ஜோயல் அலன் எடுத்துரைத்தார். பனிக்கரடியின் சிறிய வட்டக் காதும் குறுகிய வாலும் இந்த விதிக்கு இசைந்தவை. பாதங்களோ 30 சென்ரிமீற்றர் வரை அகன்றவை. மெல்லிய பனியில் எடையைப் பரப்பவும் நீரில் துடுப்பாகவும் அவை உதவுகின்றன. உள்ளங்காலில் உள்ள சிறு முகிழ்கள் வழுக்காமல் பற்றுகின்றன.

நான்காவது, குட்டி வளர்க்கும் முறை. பிறக்கும் குட்டி ஏறத்தாழ 600 கிராம் எடையே உடையது. கண் திறந்திருக்காது, உரோமம் மெல்லியது. அந்தக் குட்டிக்குக் குளிரை எதிர்க்கும் உடல் இன்னும் வாய்க்கவில்லை. தாய் தோண்டிய பனிக்குழியே அதைக் காக்கிறது. குழியின் உள்வெப்பநிலை வெளியைவிட 20 பாகைக்கு மேலும் கூடியிருக்கக்கூடும். மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு நிறைந்த பாலைக் குடித்து, வசந்தத்தில் வெளியே வரும்போது குட்டி 10 கிலோகிராமை எட்டுகிறது. பனிக்கரடியை முதலில் குளிரிலிருந்து காப்பது பனியே.

இங்கு ஒரு தவறான விளக்கத்தின் வரலாறும் கவனத்துக்குரியது. வெற்றிட மயிர்கள் சூரியனின் புற ஊதாக் கதிர்களைக் கறுப்புத் தோலுக்குக் கடத்தி உடலைச் சூடாக்குகின்றன என்று 1970களின் இறுதியிலிருந்து பல நூல்கள் எழுதின. கேட்போரை வியக்கவைக்கும் விளக்கம். 1998இல் இயற்பியலாளர் டானியல் கூன் அந்த மயிர்களின் ஊடாக ஒளியைச் செலுத்தி அளந்து பார்த்தபோது, ஒளி சிறு தூரத்திலேயே மயிரில் உறிஞ்சப்பட்டு விடுவது தெரியவந்தது. ஓர் உடலில் வியப்பைக் காண்பது எளிது. அந்த வியப்பு உண்மையா என்று அளப்பது தனி உழைப்பு. படைப்பின் நுட்பத்தைக் காட்டித் தெய்வத்தை நிறுவ முனைபவர்களும், இயற்கையின் திறத்தைக் காட்டித் தெய்வத்தை மறுக்க முனைபவர்களும் ஒருங்கே நினைவிற்கொள்ள வேண்டிய பாடம் இது.

இடம் மாறிய உடல்

இதே உடல் வெப்ப நாட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் வாழும் நகரங்களுள் ஒன்றான சிங்கப்பூர் கண்டிருக்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்குள் இருக்கும் அந்நகரின் விலங்குக் காட்சிச்சாலையில் 1990 டிசம்பர் 26 அன்று இனுக்கா என்னும் பனிக்கரடி பிறந்தது. வெப்ப மண்டலத்தில் பிறந்த முதலாவது பனிக்கரடி அதுவே. 2004இல் இனுக்காவும் அதன் தாய் ஷீபாவும் பச்சையாக மாறின. ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்றில் அவற்றின் மயிரில் பச்சை அல்கா வளர்ந்திருந்தது. ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலால் கழுவி அதை அகற்றினார்கள். மயிர்களின் நடுவிலுள்ள வெற்றிடம், இங்கு அல்காவுக்கு வீடாயிற்று. பிற்காலத்தில் குளிரூட்டப்பட்ட கூடம் கட்டப்பட்டது. வெப்ப மண்டலத்துக்கு இனிப் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று காட்சிச்சாலையும் முடிவுசெய்தது. மூப்பாலும் நோயாலும் நலிந்த இனுக்கா 2018 ஏப்ரல் 25 அன்று, வலியிலிருந்து விடுவிக்கும் நோக்குடன், மயக்க நிலையிலேயே உயிர் நீங்கச் செய்யப்பட்டது.

இலங்கைக்கென்று ஒரு கரடி இருக்கிறது. வில்பத்து, யால காடுகளில் வாழும் கறுப்புக் கரடி. இந்தியாவிலுள்ள அதன் உறவினத்தைவிட இது உடலில் சிறியது, மயிரும் குட்டையானது. உள்மயிர் ஏறத்தாழ இல்லை. மேல்தாடையின் முன்பற்களில் நடு இரண்டும் இல்லாததால் அந்த இடைவெளி வழியாகக் கறையான்களை உறிஞ்சி உண்கிறது. புற்றுமண் ஏறாதபடி மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளவும் வல்லது. பனிக்கரடியிடம் உள்ள எதுவும் இதற்குத் தேவையில்லை. இதனிடம் உள்ள எதுவும் பனிக்கரடிக்கு உதவாது. இரண்டையும் அருகருகே வைத்து எது சிறந்த உடல் என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பொருளே இராது. எந்த இடத்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை சொல்ல முடியும்.

களனி முகத்துவாரத்தின் உயிர்களும் அவ்வாறே. மழைக்காலத்தில் இங்கு ஆற்று நீர் கடலைத் தள்ளும். வரட்சியில் கடல்நீர் ஆற்றுக்குள் பல கிலோமீற்றர் ஏறும். உப்பும் நன்னீரும் மாறிமாறி ஆளும் இத்தகைய கரைகளில் கண்ணா மரம் தன் இலைகளின் வழியே உப்பை வெளியேற்றுகிறது. காற்றில்லாச் சேற்றில் மூழ்கிய வேர்களுக்காக, மேல்நோக்கி மூச்சு வேர்களை நீட்டுகிறது. கண்டலின் வித்து தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீண்ட முளையாகச் சேற்றில் விழுகிறது. குளிருக்குப் பனிக்கரடி எப்படியோ, உப்புக்கும் சேற்றுக்கும் இம்மரங்கள் அப்படி.

படைத்தவன் உண்டென்னும் வழக்கு

பொருத்தத்திலிருந்து படைத்தவனை உணரும் சிந்தனை பல மரபுகளில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் இறைவன் உண்டென்பதற்குக் கூறிய ஐந்து வழிகளில் ஐந்தாவது, அறிவில்லாப் பொருள்கள் ஒரு நோக்கத்தை நோக்கி இயங்குவதிலிருந்து, அவற்றை இயக்கும் அறிவுக்குச் செல்கிறது. 1802இல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி, கடிகாரம் ஒன்றைக் கண்டவர் அதைச் செய்தவரையும் ஊகிப்பதுபோல, உயிர்களின் உறுப்பமைப்பைக் காண்பவர் படைத்தவரை ஊகிக்க வேண்டும் என்று விரிவாக வாதிட்டார். விவிலியத்தின் யோபு நூல் வேறு வழியில் செல்கிறது. அங்கு இறைவன் யோபுவிடம் பனிக்கட்டி யாருடைய கருவிலிருந்து வந்தது என்று வினவி, காட்டுக் கழுதை, தீக்கோழி, பருந்து என ஒவ்வோர் உயிரையும் சுட்டிக் காட்டுகிறார். அங்கு வாதம் இல்லை. மனித அறிவின் எல்லை காட்டப்படுகிறது.

திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயம் ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்படி கேட்கிறது. பாலைவன மக்களுக்கு ஒட்டகமே கண்முன் நின்ற சான்று. துருவத்து மக்களுக்கு அது பனிக்கரடியாக இருந்திருக்கும். 6ஆம் அத்தியாயம் நிலத்தில் நடமாடும் விலங்குகளும் சிறகால் பறக்கும் பறவைகளும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கிறது. உயிர்களின் அமைப்பு சிந்திப்போருக்கு அத்தாட்சி என்பது அம்மரபின் நிலைப்பாடு.

சைவ சித்தாந்தத்தின் வழக்கு இவற்றிலிருந்து நுட்பமாக வேறுபடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் முதற் சூத்திரம் உறுப்பமைப்பின் நுட்பத்திலிருந்து தொடங்குவதில்லை. தோன்றி, நின்று, ஒடுங்கும் இயல்புடைய உலகம் ஒரு காரியம் என்பதிலிருந்து தொடங்குகிறது. காரியத்துக்குக் காரணம் வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். உயிரை இறைவன் படைப்பதில்லை. உயிர் அநாதி. ஆணவம் என்னும் மலத்தால் மறைப்புண்ட உயிருக்கு அதன் வினைக்கேற்ப உடல் தரப்படுகிறது. அந்தக் கொடையைச் சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என நான்காகச் சொல்கிறது. தனு உடல், கரணம் மனம் முதலிய கருவிகள், புவனம் வாழும் உலகு, போகம் நுகர்ச்சி. இவை நான்கும் ஒருங்கே தரப்படுபவை. உடலை மட்டும் தந்து உலகைத் தராமல் விடுவது இல்லை. பனிக்கரடிக்கு உரோமமும் கொழுப்பும் தனு என்றால், கடற்பனி அதன் புவனம். பொருத்தம் என்ற கருத்து அந்த அடுக்கிலேயே அடங்கியிருக்கிறது.

பௌத்தம் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. ஆனால் எல்லாவற்றையும் கன்மத்தின் மேல் சுமத்துவதும் அதன் நிலைப்பாடு இல்லை. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கிப் பாளி உரைகளை எழுதிய புத்தகோசரின் மரபு ஐந்து நியாமங்களைக் கூறுகிறது. பருவம், வித்து, கன்மம், சித்தம், தம்மம் என ஒவ்வொன்றுக்கும் தனி ஒழுங்கு உண்டு. குளிரும் வெப்பமும் பருவ ஒழுங்கைச் சேர்ந்தவை. வித்துக்கேற்ற விளைவு வித்தின் ஒழுங்கைச் சேர்ந்தது. கரடியின் உரோமத்தை விளக்க ஓர் இயக்குநரைத் தேடாமல், சார்ந்து தோன்றும் நிபந்தனைகளைத் தேடு என்பது இதன் பொருள்.

கூர்ப்பு தரும் விடை

1859இல் சார்ள்ஸ் டார்வின் இயற்கைத் தேர்வின் வழி உயிரினங்கள் தோன்றுவதை விளக்கி நூல் வெளியிட்டார். ஓர் இனத்துக்குள் பிறக்கும் உயிர்கள் சிறு சிறு வேறுபாடுகளோடு பிறக்கின்றன. சூழலுக்கு இசைந்த வேறுபாடு உடையவை கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலான சந்ததியை விடுகின்றன. தலைமுறைகள் தோறும் அவ்வேறுபாடு சேர்கிறது. அந்த நூலின் முதற் பதிப்பில் ஒரு கரடியும் வருகிறது. வட அமெரிக்காவில் கரடியொன்று வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்காக நீந்தி நீரிலுள்ள பூச்சிகளைப் பிடித்ததாகக் கிடைத்த குறிப்பை எடுத்துக்காட்டி, அத்தகைய கரடி காலப்போக்கில் திமிங்கிலம் போன்ற உயிராக மாறுவதில் தமக்கு இடர்ப்பாடு தெரியவில்லை என்று டார்வின் எழுதினார். கேலிக்கு ஆளானதால் அடுத்த பதிப்புகளில் அதைச் சுருக்கினார்.

கடலை நோக்கி நகர்ந்த கரடி உண்மையில் இருந்தது. பனிக்கரடியின் விலங்கியற் பெயருக்கே கடற்கரடி என்று பொருள். பழுப்புக் கரடியின் மூதாதையரிடமிருந்து அது பிரிந்த காலத்தை 2014இல் வெளியான மரபணு ஆய்வொன்று ஏறத்தாழ 3,43,000 முதல் 4,79,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது. வேறு ஆய்வுகள் இன்னும் பின்னோக்கிச் செல்கின்றன. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கிடைத்த தாடையெலும்பு 1,10,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்த 2014 ஆய்வு, குருதியில் கொழுப்பைக் கொண்டு செல்லும் புரதத்துக்குரிய பரம்பரையலகில் வலுவான தேர்வின் தடயங்களைக் கண்டது. வாழ்நாள் முழுவதும் சீலின் கொழுப்பையே பெரிதும் உண்டும் பனிக்கரடியின் இதயம் பழுதாகாமல் இருப்பதற்கு இது ஒரு விளக்கமாகிறது.

இது பேலியின் வாதத்தை வலுவாகத் தாக்குகிறது. கடிகாரம் குட்டி போடுவதில்லை. கரடி போடுகிறது. குட்டிகளுக்கிடையே வேறுபாடும் இழப்பும் இருக்கும்போது, திட்டமிடும் கையில்லாமலே பொருத்தம் சேர முடியும் என்பதைக் கூர்ப்புக் கொள்கை காட்டிவிட்டது. உறுப்பின் நுட்பத்தை மட்டும் சான்றாகக் கொண்டு நின்ற நம்பிக்கைக்கு இதனால் நிலம் குறைந்தது.

ஆயினும் எல்லா வழக்கும் இதனால் முடிந்துவிடவில்லை. காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் சித்தாந்தத்தின் வழக்கு, உடல் படிப்படியாக மாறியது என்பதால் தகர்வதில்லை. மாயையிலிருந்து உலகம் படிமுறையாக விரிவதாகவே அது கூறுகிறது. ஒரு காரியம் அடுத்த காரியமாக மாறும் முறையை விஞ்ஞானம் விளக்கினாலும், மாறும் இத்தொடர் முழுவதும் ஏன் உள்ளது என்னும் கேள்வி அதற்கு அப்பால் நிற்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த வழியில் நகர்ந்தது. 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மனித உடலின் கூர்ப்பைப் பற்றிய ஆய்வுக்குத் தடையில்லை என்றார். 1996இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், கூர்ப்பை வெறும் கருதுகோள் என்பதைவிட மேலானதாக ஏற்றார். முஸ்லிம் அறிஞரிடையே இதில் ஒத்த கருத்து இல்லை. விலங்குகளின் கூர்ப்பை ஏற்று மனிதப் படைப்பைத் தனியே வைப்போரும், முழுவதும் மறுப்போரும், முழுவதும் இணைப்போரும் உள்ளனர். பருவ ஒழுங்கையும் வித்தின் ஒழுங்கையும் கூறும் பௌத்தத்துக்கு இங்கு முரண் மிகக் குறைவு.

சீல் குட்டியின் பக்கம்

பொருத்தத்தைப் போற்றும் எந்தத் தத்துவமும் அந்தப் பொருத்தத்தின் விலையையும் பார்க்க வேண்டும். பனிக்கரடியின் 10 சென்ரிமீற்றர் கொழுப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வளையச் சீல் என்னும் சிறிய சீலிலிருந்து. தாய்ச் சீல் பனிக்கட்டியில் தான் மூச்சுவிடும் துளைக்கு மேல், பனிப்படிவுக்குள் ஒளிவறை தோண்டி அங்கே குட்டியை ஈனும். குட்டிக்கு வெண்மயிர், சூழ்ந்து பனிச்சுவர். அதுவும் இசைவாக்கமே. கரடி மூக்கால் அந்த அறையை அறிந்து, முன்னங்கால்களால் கூரையை உடைத்துக் குட்டியைப் பிடிக்கிறது. வசந்தத்தின் அந்தச் சில வாரங்களில் கிடைக்கும் கொழுப்பே ஆண்டின் பெரும்பகுதிக்கு உயிர் தருகிறது. கரடிக் குட்டியைக் காக்கும் பனிக்குழியும், சீல் குட்டியைக் காக்கத் தவறும் பனியறையும் ஒரே பனியால் ஆனவை.

டார்வினின் மனத்தை வருத்தியதும் இதுதான். உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, தம் குஞ்சுகள் அதை உள்ளிருந்து உண்ணச் செய்யும் குளவிகளை, அன்புள்ள இறைவன் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என 1860இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார்.

மரபுகள் இதற்குத் தரும் விடைகள் ஒன்றல்ல. துன்பத்துக்கு வினை காரணம் என்று சைவம் கூறும்போது, உடல் என்பது பரிசோ தண்டனையோ ஆவதில்லை. உயிர் மலம் நீங்கிப் பக்குவப்படுவதற்கான வழியாகிறது. கரடியும் சீலும் அவ்வழியில் நடக்கும் உயிர்களே. யோபு நூல் துன்பத்துக்குக் காரணம் கூற மறுத்து, படைப்பின் பெருக்கத்தின் முன் மனிதனை நிறுத்துகிறது. கழுகின் குஞ்சுகள் குருதி குடிப்பதையும் அங்கு இறைவன் மறைக்கவில்லை. இஸ்லாத்தில் படைப்பின் நோக்கம் முழுவதும் மனிதருக்குப் புலப்படுவதில்லை. எந்த உயிரும் வீணாகப் படைக்கப்படவும் இல்லை. பௌத்தத்துக்கு இது வியப்பில்லை. சார்ந்து தோன்றிய வாழ்வு முழுவதும் துக்கத்தால் ஆனது என்பதே அதன் முதல் உண்மை. இந்த விடைகளில் எதுவும் சீல் குட்டியின் வலியைக் குறைப்பதில்லை. ஆனால் அழகை மட்டும் எண்ணி வலியை மறக்கும் பக்தியைவிட இவை நேர்மையானவை.

உறவாகிய பொருத்தம்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பொருத்தம் உடலுக்குள் இருக்கும் ஒரு குணம் இல்லை. அது உடலுக்கும் உலகுக்கும் இடையிலுள்ள உறவு. பனிக்கரடியின் உடலை மட்டும் பார்த்து வியப்பவர் பாதியையே காண்கிறார். தனுவையும் புவனத்தையும் ஒருங்கே சொன்ன சித்தாந்தம் இந்த இடத்தில் உயிரியலுக்கு மிக அருகில் வருகிறது. உடலில் ஒரு மயிரும் மாறாமலே ஓர் உயிர் பொருத்தத்தை இழக்க முடியும். உலகு மாறினால் போதும்.

அதுவே இப்போது நடக்கிறது. செய்மதிகள் அளக்கத் தொடங்கிய 1979 முதல், செப்டெம்பர் மாதத்து ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதம் என்ற வீதத்தில் சுருங்கிவருகிறது. நிலக்கரியும் எண்ணெய்யும் எரிவாயுவும் எரிவதால் சேரும் காபனீரொட்சைட்டே இதன் முதன்மைக் காரணம். பனி இல்லாமல் கரடியால் சீலைப் பிடிக்க முடியாது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1987இல் 1,185 என மதிப்பிடப்பட்ட கரடிகள் 2021இல் 618 என மதிப்பிடப்பட்டன. உலகில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 26,000. 1973இல் கனடா, டென்மார்க், நோர்வே, சோவியத் ஒன்றியம், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டற்ற வேட்டையைத் தடுத்தது. துப்பாக்கியை நிறுத்த ஐந்து நாடுகள் போதுமாயிருந்தன. பனி உருகுவதை நிறுத்த எல்லா நாடுகளும் தேவை.

கொழும்புக் கரையும் இதன் சிறிய வடிவைக் கண்டது. 2021 மே 20 அன்று துறைமுகத்துக்கு வடமேற்கே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் தீ மூண்டது. ஜூனில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கலந்து, மேற்குக் கரையெங்கும் படிந்தன. அடுத்த வாரங்களில் நூற்றுக்கணக்கான கடலாமைகள் இறந்து கரையொதுங்கின. கடலாமையின் கண்ணருகே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு. கடல்நீரைக் குடித்து வாழ அது வழி செய்கிறது. ஆமைகளின் மூதாதையர் 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கடலில் வாழ்கின்றனர். இரசாயனத்தையும் உருகிய பிளாஸ்டிக்கையும் எதிர்கொள்ள அந்த உடலில் எந்த உறுப்பும் இல்லை. அவ்வளவு நீண்ட பொருத்தத்தைக் குலைக்க ஒரே கப்பலின் சரக்கு போதுமாயிற்று.

மரபுகள் ஒன்றுபடும் இடம்

பொருத்தம் எங்கிருந்து வந்தது என்பதில் நான்கு மரபுகளும் வேறுபடுகின்றன. அதைக் குலைப்பது தவறு என்பதில் வேறுபடுவதில்லை. திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் வானை உயர்த்தித் தராசை நிறுவியதைக் கூறி, அந்தத் தராசில் வரம்பு மீற வேண்டாம் என்று எச்சரிக்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் பூமியைப் பொது இல்லமாகக் கண்டு, ஒவ்வோர் உயிரினத்துக்கும் மனிதருக்குப் பயன்படுவதற்கு அப்பால் தனிப் பெறுமதி உண்டு என்கிறது. பௌத்தத்தின் மெத்தா என்னும் அன்பு எல்லா உயிர்களையும், தொலைவில் இருப்பனவற்றையும் அருகில் இருப்பனவற்றையும், ஒன்றாகவே தழுவுகிறது. சைவத்தில் புவனம் உயிர்கள் அனைத்துக்கும் இறைவன் அளித்த கொடை. ஓர் உயிரின் புவனத்தை அழிப்பவர், அதன் தனுவையும் அழிக்கிறார். இறைவன் சேர்த்துத் தந்ததைப் பிரிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இங்கு விலக்கு இல்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகளின் பிறப்பாலும் இறப்பாலும் சேர்ந்த ஒரு பொருத்தம் ஒருமுறை குலைந்தால் மீண்டும் சேராது. அதை மறுபடி செய்து தரும் தொழிற்சாலை உலகில் இல்லை.

பனிக்கரடியின் உடல் இறைவன் உண்டென்பதை நிறுவுவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. எந்த உடலும் தனக்குரிய உலகில்லாமல் முழுமை பெறாது என்பதை அது ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. படைப்பை நம்புகிறவர் இதைக் கொடை என்பார், நம்பாதவர் அரும்பேறு என்பார். இரண்டு சொல்லுக்கும் ஒரே கடமை உண்டு. துருவத்துக் கடற்பனியையும் களனி முகத்துவாரத்து நீரையும் அங்கங்கு வாழும் உயிர்களுக்கு உரியவையாகவே விட்டுவைக்க வேண்டும்.